பேர்ப் பதிவும் ஒலிப்பதிவும்

கலைச்சொற்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அகராதிகளிலிருந்தே தொடங்குகின்றனர். எந்த ஆண்டில் எந்தக் குழு கூடிற்று, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் இடப்பட்டது என்று அட்டவணை தருவதோடு அவர்தம் பணி முடிவடைந்து விடுகிறது. அச்சொல்லை யார் சொன்னார், யாரை நோக்கிச் சொன்னார், சொல்லப்பட்டவருக்கு அதனால் விளைந்தது யாது என்னும் வினாக்கள் எழுவதில்லை. ஒலிப்பதிவுத் துறையின் தமிழ்ச் சொற்களை ஆராயும்பொழுது இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. ஏனெனில் அத்துறையின் தலையாய சொல் 'பதிவு' என்பதாகும். அச்சொல்லுக்கு இலங்கையின் மலையகத்தில், சிறப்பாகத் தேயிலைத் தோட்டங்களில், தனியானதொரு கனம் உண்டு.

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், கந்தப்பளை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. கொன்கோடியா, கோட்லோஜ், பார்க் முதலிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஒடுங்கிய புகையிரதப் பாதையொன்று போடப்பட்டது. மலைச் சரிவுகளில் விளைந்த தேயிலையைத் துறைமுகம் நோக்கி இறக்குவதற்கு அது பயன்பட்டது. 1940களில் அது வழக்கொழிந்தது. இத்தகைய ஊரொன்றை நம் ஆராய்ச்சியின் நிலைக்களமாகக் கொள்வது ஏன் என்று வாசகர் வினவக்கூடும். சொற்களை ஆக்கியோரின் இருப்பிடம் கொழும்பும் சென்னையுமாக இருந்தது; அச்சொற்கள் எட்டாத இடம் எது என்று காண வேண்டின் கந்தப்பளைக்குத்தான் வரவேண்டும். இதுவே நமது விடை.

முதலில் 'பதிவு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஈர மண்ணில் காற்சுவடு பதிகிறது. செடியின் கிளையை மண்ணிற் புதைத்து வேர்விடச் செய்வதைப் பதியமிடுதல் என்கிறோம். உள்ளத்தில் ஒரு செய்தி பதிகிறது. இவற்றிலெல்லாம் ஒரு பொருள் மற்றொன்றின்மீது அழுந்தித் தன் தடத்தை விட்டுச் செல்லுதல் என்னும் கருத்தே அடிப்படையாக நிற்கிறது. பின்னர் அரசும் கச்சேரியும் கணக்குப் புத்தகமும் வந்தபோது, எழுத்தில் ஏற்றுதலும் பதிவு எனப்பட்டது. நிலப் பதிவு, பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு என்று அச்சொல் பெருகிற்று.

தோட்டத்திலோ, ஒருவர் தொழிலாளி ஆவது அவர் பேர் பதியப்படும் நாளிலிருந்துதான். 'செக்றோல்' எனப்படும் பேரேட்டில் பெயர் ஏறினால் நாளாந்த வேலை உண்டு. லயத்தில் ஒரு காம்பராவுக்கு உரிமை உண்டு. பெயர் வெட்டப்பட்டால் இரண்டும் இல்லை. 1820களிலிருந்து தமிழகத்தின் வறண்ட கிராமங்களை விட்டுக் கோப்பிக் காடுகளுக்கும், பின்னர் தேயிலை மலைகளுக்கும் வந்து சேர்ந்தவர்களின் வாழ்வை இத்தகைய தாள்களே ஆண்டன. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு இன்றி ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற் சேர்தல் இயலாதிருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆக, மலையகத் தொழிலாளி 'பதிவு' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அன்று, பிரட்டுக்களத்தில்.

அச்சொல்லின் இரண்டாம் கட்டம் 1948இல் தொடங்குகிறது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரிடமும் தந்தை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாக லயங்களிற் பிறந்து மடிந்தோருள் பெரும்பாலோரிடம் அத்தகைய எழுத்துச் சான்று இருக்கவில்லை. எந்த மலையில், எந்தத் துரை காலத்தில், எந்த வெள்ளத்துக்கு அடுத்த மாதத்தில் ஒரு பிள்ளை பிறந்தது என்பதை ஒரு கிழவி தவறாமற் சொல்லக்கூடும். ஆயின் அவள் வாய்ச்சொல் கச்சேரியில் எடுபடவில்லை. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர் மட்டுமே. பெற்றவர்களும் 'பதிவுப் பிரசை' என்று வேறாகக் குறிக்கப்பட்டனர். வாக்குரிமையும் உடன் பறிபோயிற்று. 1947இல் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வியக்கத்தால் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை.

உழைப்புக்காகப் பதியப்பட்டு, உரிமைக்காகப் பதிய மறுக்கப்பட்ட இம்மக்களின் குரல் எங்கேனும் பதியப்பட்டதா? இவ்வினாவுடன்தான் ஒலிப்பதிவின் வரலாற்றுக்குள் நாம் நுழைதல் வேண்டும்.

1877இல் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டும் பொறியை அமைத்தார். பேசுபவரின் குரல் காற்றில் அழுத்த வேறுபாடுகளை உண்டாக்கும். அவ்வேறுபாடு மெல்லிய தகடொன்றை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் உருளையின்மீது அவ்வதிர்வைக் கீறும். மறுபடியும் ஊசியை அத்தடத்தில் ஓடவிட்டால் அதே அதிர்வு, அதே குரல். 'பதிவு' என்னும் தமிழ்ச் சொல் இச்செயலுக்கு எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பது கவனிக்கற்பாலது. காற்சுவடு மண்ணிற் பதிவதற்கும், குரல் மெழுகிற் பதிவதற்கும் இடையே கருத்தளவில் வேற்றுமை இல்லை. 1887இல் பேர்ளினர் உருளைக்குப் பதிலாகத் தட்டைப் புகுத்தினார். தட்டினை அச்சிற் பிரதி எடுக்கலாம். ஆதலின் குரல் விற்பனைச் சரக்காயிற்று. 1902இல் கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்தார். 1908இல் அந்நகரிலேயே தட்டுத் தொழிற்சாலை எழுந்தது. 1928இல் அது டம்டமுக்கு மாறிற்று.

அத்தட்டு எதனால் ஆயது? அரக்கினால். சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விடும் பிசினை ஆதிவாசி மக்கள் திரட்டினர். உலகெங்கும் சுழன்ற இசைத்தட்டுகளின் அடிப்பொருள் அதுவே. சங்கீத வித்துவான்களும் நாடக நடிகரும் பாடிய தட்டுகளில் அரக்குத் திரட்டியவரின் கை உழைப்பு இருந்தது. அவர் குரல் இருக்கவில்லை. தேயிலைக்கும் இக்கதை பொருந்தும். இலண்டன் மேசையிற் பரிமாறப்பட்ட கோப்பையில் கொழுந்தெடுத்தவளின் விரல் இருந்தது. அவள் பெயர் இருக்கவில்லை.

தட்டின் அளவும் பாட்டின் வடிவத்தை நிர்ணயித்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலிதான் அடங்கும். கச்சேரிக் கீர்த்தனத்தைச் சுருக்கி அதற்குள் அடக்கினர். இராமுழுதும் நடக்கும் காமன் கூத்தையோ, இழவு வீட்டில் மணிக்கணக்கில் எழும் ஒப்பாரியையோ அதற்குள் எவ்வாறு அடக்குவது? மேலும் 1925க்கு முன் மின்சார ஒலிவாங்கி ஒலிப்பதிவுக்கு வரவில்லை. பாடுபவர் பெரிய கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பாடுதல் வேண்டும். தாலாட்டுப் பாடுபவள் உரக்கப் பாடினால் பிள்ளை உறங்குமா? பொறியின் இயல்பும் சந்தையின் விருப்பமும் சேர்ந்து, எந்தக் குரல் தட்டில் ஏறலாம், எது ஏறலாகாது என்று முன்னரே தீர்மானித்துவிட்டன.

இனி வானொலிக்கு வருவோம். கொழும்பில் தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வேட் ஹாப்பர் 1923இல் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகள் அதற்குப் பயன்பட்டன. 1925 டிசம்பர் 16ஆம் தேதி ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமை இங்கு நிறுவிய வலிய சிற்றலை நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பரில் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து தமிழகத்தின் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது.

இலங்கை வானொலிக் கலைஞர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு சிறியதன்று. ஒலிபரப்பு, அறிவிப்பாளர், ஒலிவாங்கி, கலையகம், நேயர் ஆகிய சொற்கள் நாள்தோறும் அவர்கள் வாயில் வழங்கி, கேட்போர் செவியிற் பழகின. தமிழகத்திலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. டில்லி அரசு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டபோதும் மக்கள் 'வானொலி' என்னும் சொல்லையே விரும்பி நிலைநிறுத்தினர். ஒலிவாங்கி என்னும் சொல்லின் எளிமையைப் பாருங்கள். ஒலியை வாங்குவது ஒலிவாங்கி, பெருக்குவது ஒலிபெருக்கி. கல்லாதவருக்கும் உரையின்றிப் பொருள் விளங்கும். இதே கருவிக்கு நம் பௌதிகச் சொற்றொகுதிகள் தந்த சொல் 'நுணுக்குப்பன்னி' என்பதாகும். நுணுக்குக்காட்டியை அடியொற்றி, ஆங்கிலச் சொல்லின் இரு கூறுகளையும் தனித்தனியே மொழிபெயர்த்து அமைக்கப்பட்ட சொல் இது. பரீட்சைத் தாளில் அது இடம்பெற்றது. மேடையில் எவரும் அதனைச் சொல்லவில்லை. சொல்லின் வாழ்வைத் தீர்மானிப்பது அதனை வழங்கும் மக்களே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதனால் கலைச்சொல்லாக்கக் குழுக்களின் பணியை நாம் இழித்துரைப்பதாக எவரும் கொள்ளவேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வழிகாட்டினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு மட்டக்களப்பின் மைந்தராகிய சுவாமி விபுலானந்தர் தலைமை தாங்கினார். அவர் விஞ்ஞானமும் கற்றவர், சிலப்பதிகாரமும் கற்றவர். 1947இல் வெளிவந்த அவரது 'யாழ் நூல்' பண்டைத் தமிழ் இசையின் நரம்புகளை அதிர்வுக் கணக்கோடு பொருத்தி ஆராய்ந்தது. பண்டைத் தமிழர் ஏழிசையுள் முதலாவதற்கு இட்ட பெயர் 'குரல்' என்பதாகும். ஒலியியலுக்கு வேண்டிய சொற்களுள் பல நம் இசை மரபில் ஏற்கனவே உள்ளன என்பதை அந்நூல் காட்டிற்று. இலங்கையின் பாடநூல்கள் சுருதி, உரப்பு, பண்பு என்று ஒலியின் மூவியல்புகளையும் அழகுற வகுத்தமை அம்மரபின் நற்பயனே.

ஆயினும் இரண்டு குறைகள் நேர்ந்தன. ஒன்று, தமிழகமும் ஈழமும் தனித்தனி வழி சென்றமை. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகையைத் தமிழகத்தார் 'அதிர்வெண்' என்றனர். நாம் 'மீடிறன்' என்றோம். ஒரு பொருளின் அதிர்வுக்கு மற்றொன்று இசைந்து அதிர்வதை அவர்கள் 'ஒத்ததிர்வு' என்றனர். நாம் 'பரிவு' என்றோம். அவர்களுக்கு 'விம்மல்', நமக்கு 'அடிப்பு'. 'பரிவு' என்ற சொல்லில் ஒரு நயம் இருக்கிறது. 'அதிர்வெண்' என்பதில் ஒரு தெளிவு இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு நல்லது கொள்ளும் பொது மன்றம் நெடுங்காலம் இல்லாமையால், ஒரு கரையின் மாணவன் மறுகரையின் பாடநூலைத் திறந்து திகைக்க நேர்ந்தது.

மற்றது இதனினும் பெரிது. 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டு, தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க வழி திறந்தபோது, அவ்வழி தோட்டத்து லயங்கள் வரை செல்லவில்லை. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றன. பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரே அறை. 1970களிலேதான் அவை அரசின் பொறுப்புக்கு வந்தன. தமிழில் விஞ்ஞானம் வந்தது. தமிழ்த் தொழிலாளியின் பிள்ளைக்கு அது வரவில்லை. மொழியின் உரிமை என்பது வர்க்கத்தின் வாயிலில் நின்றுவிட்ட கதை இது. ஒலிபரப்பிலும் இந்நிலையே. கந்தப்பளைக்கு அண்மையில் உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலை மலையுச்சியில் ரூபவாகினியின் பிரதான பரப்பி 1982இல் இயங்கத் தொடங்கிற்று. அம்மலையிலிருந்து நாடெங்கும் ஒலியும் ஒளியும் இறங்கின. அடிவாரத்து லயங்களிலிருந்து மேலேறிச் சென்றவை மிகச் சில. மலையக மக்கள் நல்ல நேயர்களாக மதிக்கப்பட்டனர். பேசுவோராக மதிக்கப்பட்டது அரிது.

அப்படியாயின் ஒலியைப் பற்றிய அறிவு இம்மக்களிடம் இல்லையா? தோட்ட வாழ்வே ஒலியால் அளக்கப்பட்ட வாழ்வு. விடியுமுன் பிரட்டுத் தப்பு முழங்கும். அதனைக் கேட்டு எழுதல் வேண்டும். 1954இல் வெளிவந்த தமது ஆங்கில நெடுங்கவிதையில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தின் வைகறையை அப்பறையொலியோடுதான் காட்டினார். திருவிழாவுக்கும், காமன் கூத்துக்கும், பிணம் எடுப்பதற்கும் அதே தப்பு வெவ்வேறு அடியில் ஒலிக்கும். தொலைவிலிருந்து கேட்போர் அடியைக் கொண்டே செய்தியை அறிவர்.

தப்பு வாசிப்பவரின் வேலையைச் சற்று உற்று நோக்குவோம். தோல் ஈரம் உண்டால் தளரும்; தளர்ந்தால் சுருதி இறங்கும். கந்தப்பளை போன்ற மூடுபனி மலையில் இது ஓயாத தொல்லை. ஆதலின் சருகை மூட்டித் தப்பைக் காய்ச்சுகிறார், விரலால் தட்டிப் பார்க்கிறார், மறுபடியும் காய்ச்சுகிறார். இழுவிசை மிகுந்தால் மீடிறன் மிகும் என்று பாடநூல் சொல்வதை அவர் கை அறியும். தடித்த அடிக்குச்சி ஒரு தொனியைத் தர, மெல்லிய சிம்புக்குச்சி மற்றொரு தொனியைத் தருகிறது என்று தமிழகத்துப் பறைக் கலைஞர் வகுப்பதும் இவ்வறிவே. பாடநூல் இதனை ஒலிப்பண்பு என்கிறது. 'பறைதல்' என்றால் பேசுதல். பறை என்றால் பேசும் கருவி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்துச் சொன்னது. பின்னாளில் அதனைத் தொட்டவரைத் தீண்டாதவராக்கிய சமுதாயம், அவர்தம் சொற்களையும் தீண்டாமல் விட்டுவிட்டது. சொற்றொகுதிக் குழுக்கள் சங்க இலக்கியத்தைப் புரட்டின, வடமொழியை நாடின, இலத்தீன் வேர்களை ஆராய்ந்தன. தப்பு வாசிப்பவரை அழைத்து 'இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்கும் வழக்கம் அவற்றிடம் இருக்கவில்லை. சொல்லாக்கும் ஆற்றல் இம்மக்களுக்கு இல்லை என்று யாரும் கூற முடியாது. பிரட்டு, செக்றோல், லயம், காம்பரா என்று அந்நியச் சொற்களைத் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டவர்கள் அவர்களே. துரைமார் கட்டிய வரிசை அறைகள் அவர்கள் வாயில் 'லயம்' ஆயின. இசையின் லயத்தோடு அச்சொல் ஒன்றிப்போனது தற்செயலே. ஆயினும் அவ்வறைகளிலேதான் மலையகத்தின் இசை வாழ்ந்தது என்பது வரலாறு.

ஒலிப்பதிவு ஆராய்ச்சிக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு உலக இலக்கிய ஆய்வே சான்று. 1933 முதல் 1935 வரை மில்மன் பரி என்னும் அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவின் கிராமங்களில், எழுத்தறியாப் பாணரின் வீரகாவியங்களை அலுமினியத் தட்டுகளிற் பதிந்தார். ஒரு தட்டு முடியுமுன் மற்றொன்று சுழலத் தொடங்கும்படி இரு சுழல்மேடைகள் கொண்ட பொறியைச் சிறப்பாகச் செய்வித்தார். ஆதலின் மூன்று நிமிடச் சிறையிலிருந்து பாட்டு விடுபட்டது. பதிவுகளை ஒப்பிட்டபோது, ஒரே பாணன் ஒரே கதையை இருமுறை ஒரேவாறு பாடுவதில்லை என்பதும், வாய்பாடான தொடர்களைக் கொண்டு அவ்வப்போதே யாத்துப் பாடுகிறான் என்பதும் புலனாயின. பரியின் மாணவர் அல்பேட் லோட் 1960இல் இதனை நூலாக்கினார். இவ்வாராய்ச்சியின் ஒளியிலேதான் நம் பேராசிரியர் க. கைலாசபதி சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்து, 1968இல் தமது ஆங்கில நூலை வெளியிட்டார். யூகோஸ்லாவியக் குடியானவரின் குரல் தட்டிற் பதிந்தமையால், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழ்ப் பாணரை விளங்கிக்கொள்ள வழி பிறந்தது.

நம்மிடையே அப்பணி பெரும்பாலும் எழுதுகோலாலேயே நடைபெற்றது. தமிழகத்தில் பேராசிரியர் நா. வானமாமலை 1960களில் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். மலையகத்தில், மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் பாடல்களை வாழ்நாள் முழுதும் கேட்டுத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அந்நூல் இல்லையேல் அப்பாடல்களுட் பல அழிந்தே போயிருக்கும். ஆயினும் அச்சு எழுத்து சொல்லை மட்டுமே ஏந்தும். ஒப்பாரியில் மூச்சு எங்கே முறிகிறது, தெம்மாங்கில் எந்த அடி நீள்கிறது, கங்காணியை ஏசும் வரியில் கொழுந்தெடுக்கும் பெண்கள் எங்கே சேர்ந்து குரல் உயர்த்துகிறார்கள் என்பவை தாளிற் பதியா.

காலம் காத்திருக்கவும் இல்லை. 1963இல் சிறு ஒலிநாடாப் பேழை வந்தது. எவரும் எடுத்துச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவி உலகெங்கும் பரவலாயிற்று. அடுத்த ஆண்டு, 1964 அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்கள் இரு அரசுகளுக்கிடையே பங்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. அவர்களையும் 1974இல் இரு பாதியாக வகுத்தனர். மலையிலிருந்து புகைவண்டி இறங்கி, தலைமன்னாரிற் கப்பலேறி, 1984இல் அக்கப்பற் போக்குவரத்து நிற்கும்வரை குடும்பங்கள் போய்க்கொண்டேயிருந்தன. பாட்டி அங்கே, பேர்த்தி இங்கே. பாட்டின் முதலடி நீலகிரியில், ஈற்றடி நுவரெலியாவில். பதியும் பொறி மலிவான அதே இருபது ஆண்டுகளில் பதியப்பட வேண்டியவர்கள் பிரிக்கப்பட்டனர். நாடற்றவர் என்னும் நிலை சட்டப்படி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கந்தப்பளையில் ஹெதர்செட் என்னும் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. மூடப்பட்டுக் கிடந்த அது 1990களில் உல்லாசப் பயண விடுதியாக மாற்றப்பட்டது. பழைய இயந்திரம் அங்கே பேணிக் காக்கப்பட்டுள்ளது. வருவோர் கண்டு வியக்கின்றனர். இரும்பைப் பேணுதல் நன்றே. அவ்விரும்போடு நின்று உழைத்தவரின் பேச்சையும் பாட்டையும் அதே அக்கறையோடு பேணுதல் அதனினும் நன்று. பழைய இரும்புக்கும் பழைய சுவருக்கும் முதலாளித்துவம் விலை காண்கிறது. நினைவுக்கு விலை காணும்வரை அதனைக் கவனிப்பதில்லை.

இன்று அப்பணிக்குத் தடையாகக் கருவி நிற்கவில்லை. கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவன் ஒவ்வொருவனும் ஒலிப்பதிவாளன் ஆகலாம். ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து எண்களாக்கும் முறை 1982இல் இறுவட்டோடு வந்தது. இன்று அது சட்டைப்பைக்குள் இருக்கிறது. ஆயின் கருவியின் இயல்பை அறியாது பதிந்தால் பயன் குறையும். ஒலிவாங்கிக்கும் பாடுபவருக்கும் இடையேயுள்ள தூரம் இருமடங்கானால் வந்துசேரும் ஒலிச்செறிவு நான்கிலொன்றாகக் குறையும். ஆதலின் அருகே செல்லுதல் வேண்டும். தகரக் கூரையில் மழை விழும் வேளையைத் தவிர்த்தல் வேண்டும். தொலைபேசி தானாகவே ஒலிமட்டத்தைச் சமன்செய்ய முனையும். அதனால் தப்பின் உரத்த அடியும் மெல்லடியும் ஒன்றுபோல் ஆகிவிடும். அவ்வமைப்பை நிறுத்திவிட்டுப் பதிதல் நலம். இவற்றை விளக்கும்போதே உரப்பு, சுருதி, பண்பு, மீடிறன், பரிவு என்னும் சொற்களை ஆசிரியர் கற்பிக்கலாம். சொற்றொகுதியின் சொல்லுக்கு வகுப்பறையில் உயிர் வர இதனினும் நல்ல வழி இல்லை. தப்பு வாசிப்பவர் அதே பொருளுக்கு வழங்கும் சொல்லையும் கரும்பலகையில் அருகருகே எழுதுதல் வேண்டும். எது நிலைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் நா முடிவு செய்யட்டும்.

பதிபவர் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பாடுபவரின் இசைவு பெறாது பதிதல், கேளாமற் கொழுந்து பறிப்பதற்கு ஒப்பாகும். அவர் விரும்பினால் பெயர், தோட்டம், அவர் முன்னோர் வந்த ஊர், பாட்டைக் கற்றது யாரிடம், பதிந்த தேதி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பதிவின் ஒரு பிரதி அவர் வீட்டிலும், ஒரு பிரதி பாடசாலையிலும் இருத்தல் வேண்டும்; 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற பொது ஆவணகங்களுக்கும் ஒன்று செல்லலாம். எவரும் அதனை அவர் அறியாமல் விற்றல் கூடாது.

செக்றோலிலும், பிரசாவுரிமைப் புத்தகத்திலும், கப்பற் பட்டியலிலும் இம்மக்களின் பெயரைப் பிறர் பதிந்தனர். பிறருடைய தேவைக்காகவே பதிந்தனர். ஒலிப்பதிவு என்னும் சொல் மலையகத்தில் வேறு பொருள் கொள்ளுமாறு செய்தல், இன்று அங்குள்ள பாடசாலைகளின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இயலும். கந்தப்பளையின் லயமொன்றில் எண்பது வயதைக் கடந்த ஒருத்தி தாலாட்டை நினைவில் வைத்திருக்கிறாள் என்றால், வரும் விடுமுறையிலேயே அவளிடம் செல்லுதல் வேண்டும்.